மூன்று வருஷக் கணக்கு

சென்ற தை மாதம் வலையபட்டிக்கு ஒரு சாந்திக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நண்பர் ஒருவருடைய தகப்பனாருக்கு அறுபது நிறைந்த விழா. "ஒரு நாள்தானே, வந்துவிட்டுப் போங்கள்" என்று நண்பர் மூன்று முறை சொல்லியும் நான் தயங்கினேன். கடைசியில் மனைவிதான், "பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. நீங்களும் நாங்களும் சேர்ந்து ஓர் ஊருக்குப் போய் எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டு என்னைக் கிளப்பினாள்.

செட்டிநாட்டு வீட்டின் வளவு வாசலைப் பார்த்தவர்களுக்கு அதை வருணிக்க வேண்டியதில்லை. நடுவே திறந்த வானம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அந்த வாசலைக் கடந்து ஒரு பெண் என்னை நோக்கி வந்தாள். பட்டுப் பாவாடை, பின்னலில் மல்லிகைச் சரம். யார் வீட்டுப் பெண்ணோ என்று ஒரு கணம் நினைத்தேன். "அப்பா, சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்" என்றாள். என் மகள்தான்!

பந்தியில் உட்காரும்போது மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்: "இவள் எப்பொழுது இவ்வளவு உயரம் வளர்ந்தாள்?"

"அந்தப் பாவாடையைத் தைக்கும்போது மூன்று டக் வைத்துத் தைக்கச் சொன்னேன். முதல் டக்கைப் போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்குப் பிரித்தேன். நேற்று ராத்திரி மூன்றாவதையும் பிரித்தாகிவிட்டது. நீங்கள் அப்போது டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தீர்கள்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மாலையில் முகப்புத் திண்ணையில் காற்று வாங்க உட்கார்ந்தேன். எண்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பெரியவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நண்பருக்குப் பங்காளி முறை. என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "பிள்ளைக்கு என்ன வயசு தம்பி?" என்று கேட்டார்.

"பத்து" என்றேன்.

"பதினொன்று முடிந்துவிட்டது, அப்பா" என்றாள் மகள்.

பெரியவர் பொக்கை வாயால் சிரித்தார். "எங்க காலத்தில இந்தத் தப்பு வராது தம்பி. பிள்ளையை நேரில பார்த்திருக்க மாட்டோம். ஆனா வயசு மட்டும் தப்பாமச் சொல்லிருவோம். எந்தக் கணக்கில பிறந்ததுன்னு தெரியுமே!"

அந்தக் 'கணக்கு' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நகரத்தார் சமூகத்தில் கணக்கு என்ற சொல்லுக்கு வரவு செலவு என்பதைத் தவிர இன்னொரு பொருளும் உண்டு. கடல் கடந்து போய் ஒரு கடையில் ஒருவர் பொறுப்பேற்று நடத்தும் மூன்று வருஷ காலத்துக்குத்தான் 'ஒரு கணக்கு' என்று பெயர். "இரண்டு கணக்கு ரங்கூனில் இருந்தார்" என்றால் ஆறு வருஷம் இருந்தார் என்று அர்த்தம். அப்படிப் போவதற்குக் 'கொண்டுவிற்கப் போதல்' என்று பெயர்.

இது எப்போது ஆரம்பித்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களில் செட்டியார் கடைகள் ஏற்பட்டுவிட்டன. சிங்கப்பூர் டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-ல் எழுந்தது. கடை வைத்த இடத்தில் முருகனுக்கு ஒரு கோயில் என்பது அவர்களுடைய வழக்கம். 1852-ல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி முகத்துவாரத்தின் சதுப்புக் காடுகளைத் திருத்தி நெல் விளைவித்தால் ஐரோப்பாவுக்கு ஏற்றலாம் என்ற நிலை வந்தது. காடு திருத்துகிற பர்மியக் குடியானவனுக்கு விதைக்கும் மாட்டுக்கும் முதல் வேண்டும். வெள்ளைக்காரர்களின் பாங்குகள் அவனுக்குக் கடன் கொடுக்கவில்லை. செட்டியார்கள் கொடுத்தார்கள். 1930-ஐ ஒட்டி அரசாங்கம் நடத்திய பாங்கு விசாரணையின்போது, பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அங்கே புழங்கிய முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்து 75 கோடி!

அந்தக் கடைகளை நடத்தியவர்கள் எல்லோரும் முதலாளிகள் அல்லர். முதலாளி ஊரிலேயே இருந்தார். அவருக்காகக் கடையை நடத்தும் ஏஜண்டு கடல் தாண்டிப் போனார். அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லோருக்கும் கடைசியில் பெட்டியடிப் பையன். பத்து, பன்னிரண்டு வயதில் மாகாணி, வீசம், அரைக்கால் என்று பின்ன வாய்ப்பாட்டை உருப்போட்ட கையோடு அந்தப் பையன் கப்பலேறுவான். பணப்பெட்டி அடியில் உட்கார்ந்து தொழில் பழகுவான்.

ஏஜண்டுக்குத் தவணை மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்னதாகவே அவர் குடும்பத்துக்குக் கிடைத்துவிடும். லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. மனைவி மக்களைக் கூட அழைத்துப்போகும் வழக்கம் இல்லை. ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி என்று சொல்லும் நீண்ட கூடத்தில் பல கடைகளின் ஏஜண்டுகள் வரிசையாக இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பெட்டி, ஒரு பாய், ஒரு பேரேடு. பகலில் அதே இடத்தில் லேவாதேவி. இரவில் அதே இடத்தில் படுக்கை. மாதம் ஒரு முறை அங்குள்ள கோயிலில் கூடி, அந்த மாதத்துக்கு நடப்பு வட்டி இன்னது என்று முடிவு செய்வார்கள்.

இதில் எனக்கு ஒரு விசித்திரம் தோன்றுகிறது. வட்டி என்பது என்ன? காலத்துக்கு வைக்கும் விலைதானே! ஒரு நாள் தாமதமானால் இவ்வளவு, ஒரு மாதம் தாமதமானால் இவ்வளவு என்று காலத்தைக் காசாக எடை போடத் தெரிந்தவர்கள் இவர்களைப் போல வேறு யாரும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் தங்கள் பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தை மூன்று மூன்று வருஷமாக விட்டுக்கொடுத்தார்கள். விலை தெரியாமல் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. தெரிந்தே கொடுத்தார்கள்.

அவர்களுடைய பிள்ளையார் நோன்பைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள். திருக்கார்த்திகையன்று கடலில் ஒரு கப்பல் திசை தவறிவிட்டதாம். அதில் இருந்த நகரத்தார்கள் நாள் கணக்கு மறந்து போகாமல் இருப்பதற்காகப் புது வேஷ்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக உருவி வைத்தார்களாம். இருபத்தோராம் நாள் கரை தெரிந்தது. இருபத்தோரு இழையையும் திரியாகத் திரித்து, மாவில் வைத்து ஏற்றிப் பிள்ளையாரைக் கும்பிட்டார்களாம். இன்றும் திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள் நோன்பில், சுடரோடு கூடிய அந்த இழை மாவைக் குடும்பத்துப் பெரியவர் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவராக வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். கதை நடந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். கடலில் போனவன் நாளை எண்ணிக்கொண்டிருந்தான் என்பதை ஒரு சமூகம் நோன்பாக வைத்து ஞாபகப்படுத்திக்கொள்கிறதே, அதுதான் முக்கியம்.

பாய்மரத் தோணியில் போன காலத்தில் மூன்று வருஷத் தவணைக்கு ஒரு நியாயம் இருந்தது. போவதற்கே பல வாரம், காற்றுக்காகக் காத்திருப்பது வேறு. நீராவிக் கப்பல் வந்த பிறகு சென்னையிலிருந்து ரங்கூன் மூன்று நான்கு நாள் பிரயாணமாகச் சுருங்கிவிட்டது. 1926-ல் ஓட ஆரம்பித்த 'ரஜூலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1973 வரை போய் வந்தது. இந்தியன் ஓவர்சீஸ் பாங்கை எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி ஆரம்பித்தபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறந்தார்கள். காரைக்குடிக்கு ரங்கூன் அவ்வளவு பக்கத்து ஊராகிவிட்டது. ஆனால் கணக்கு மட்டும் மூன்று வருஷமாகவே இருந்தது! ஏனென்றால் அந்த மூன்று வருஷம் தூரத்தினால் ஏற்பட்டதல்ல. கொடுத்த கடனை நாலு அறுவடை பார்த்து வசூலித்து, ஐந்தொகை போட்டு, அடுத்து வருகிறவரிடம் பெட்டியை ஒப்புவிக்க அவ்வளவு காலம் தேவைப்பட்டது. கப்பல் வேகமாகப் போனால் சரக்கு வேகமாகப் போகும். தகப்பன் வீட்டுக்கு வேகமாக வந்துவிடுவான் என்று சொல்ல முடியாது. இன்று கையில் டெலிபோனை வைத்துக்கொண்டு ஆகாய விமானத்தில் பறக்கிற நமக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

தகப்பன் கப்பலேறும்போது மனைவி கருவுற்றிருந்தால், அவன் திரும்பி வரும்போது பிள்ளைக்கு இரண்டேகால் வயது. அது நடக்கும், பேசும், யாரிடம் போக வேண்டும், யாரிடம் போகக்கூடாது என்று அதற்குத் தெரியும். வாசலில் வந்து நிற்கிற மனிதரைப் பார்த்ததும் அப்பத்தாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். "அப்பச்சிடா, போ" என்று பத்துப் பேர் தள்ளிவிட்டால் ஓவென்று அழும். பெட்டியில் கொண்டு வந்த பொம்மையைக் காட்டிக் காட்டி அவர் தம் பிள்ளையோடு சிநேகம் பிடிக்க வேண்டும். சிநேகம் நன்றாக முற்றி, பிள்ளை தோளை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லும் சமயத்தில் அடுத்த கணக்குக்கு நாள் பார்த்துவிடுவார்கள்.

அவ்வளவு பெரிய வீடுகளை அந்த வருஷங்களில் கட்டிக் காத்தது யார்? ஆச்சிமார்கள்தாம். பிரசவம், வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு, பெண்ணுக்கு வரன், நிலம், தோட்டம் எல்லாம் அவர்கள் கை. சீதனமாக வந்த பணத்தைக் கடைகளில் போட்டு வட்டி கணக்குப் பார்த்தார்கள். 'ஆச்சிமார் பணம்' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. பர்மாத் தேக்கையும் இத்தாலிச் சலவைக்கல்லையும் கண்டு வியக்கிற நாம், ஒரு கணக்குக்கும் மறு கணக்குக்கும் இடையில் அந்த வளவுக்குள் நடந்த குடித்தனத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

கணக்கின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1929-க்குப் பிறகு உலகமெங்கும் விலை வீழ்ந்தது. நெல் விலை விழுந்ததும் பர்மியக் குடியானவனால் கடனைக் கட்ட முடியவில்லை. நிலம் கடன்காரர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம் 1937-ல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு ஆகிவிட்டது. காடு திருத்திய பர்மியனுக்கும் பிள்ளை உண்டு. தகப்பன் திருத்திய நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட அந்தப் பிள்ளையின் வருஷங்களை எந்தப் பேரேட்டில் எழுதுவது? நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணமாக வந்தால் போதும் என்றுதான் இருந்தோம் என்று செட்டியார்கள் சொன்னார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் மனஸ்தாபம் மூண்டுவிட்டது. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1938-ல் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரம் நடந்தது.

நான் மேலே சொன்ன பெரியவரின் தகப்பனார் அந்த 1938-ஆம் வருஷந்தான் கப்பலேறினாராம். மறு வருஷம் இவர் பிறந்தார். கணக்கு முடிந்து 1941 கடைசியில் திரும்ப வேண்டும். டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் அரக்கான் மலை வழியாகவும், தமு வழியே மணிப்பூருக்கும் நடந்தார்கள். பர்மாவிலிருந்து வெளியேறிய இந்தியர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். பசியிலும் காலராவிலும் மலைக் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம். உயிரோடு வந்தவர்களிலும் பலர் கட்டிய துணியோடு வந்தார்கள்.

"ஆடி மாசம் அப்பச்சி வந்தாக" என்றார் பெரியவர். "எனக்கு நினைப்பு இல்லை. ஆத்தா சொல்லித்தான் தெரியும். தாடியும் புண்ணுமா ஒருத்தர் வாசல்ல நிக்கவும், பரதேசின்னு நெனச்சு நான் அரிசி எடுத்துக்கிட்டுப் போய் நீட்டினேனாம். அவுக அந்த அரிசியைத் துண்டில வாங்கிக்கிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதாகளாம்."

என் மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் அப்பச்சி எங்கேயும் போகலை தம்பி. போக எடம் ஏது? பர்மாக் கணக்கெல்லாம் தண்ணியில எழுதின எழுத்தாப் போச்சு. ஆத்தா நகை போச்சு. வீட்டில இருந்த பீங்கான், கண்ணாடி, கடைசியில தூண்கூட வெலைக்குப் போச்சு. ஆனா எனக்குக் குளத்தில நீச்சல் கத்துக் கொடுத்தது அப்பச்சி. வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது அப்பச்சி. எங்க அண்ணனுக்கு அதெல்லாம் கிடையாது. அவன் பிறந்தப்ப நாங்க பணக்காரங்க!"

பர்மா 1948-ல் சுதந்திரம் அடைந்ததும் நிலங்களைத் தேசியமாக்கச் சட்டம் வந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டு வருஷங்களில் பாங்குகளும் கடைகளும் அரசாங்கத்துக்குப் போயின. மிச்சமிருந்தவர்களும் கப்பலேறி வந்துவிட்டார்கள். மொகல் தெருவின் பெயரும் இப்போது ஷ்வே பொந்தா தெரு என்று மாறிவிட்டது. இவ்வளவுக்கும் மத்தியில் இவர் என்ன செய்தார் தெரியுமா? பதின்மூன்றாவது வயதில் பெட்டியடிப் பையனாக மலேயாவுக்குக் கப்பலேறினார்! குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. நாகப்பட்டினத்தில் வழியனுப்ப வந்த தகப்பனார் கப்பல் நகர்கிறவரையில் பேசவே இல்லையாம். பிறகு இவரும் ஏஜண்டாகி, கல்யாணம் செய்துகொண்டு, கணக்குக்குக் கணக்கு ஊருக்கு வந்து போனார். மூன்று பிள்ளைகள். மூவரும் இவரைக் கண்டு அப்பத்தாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தவர்கள்தாம்.

"உங்களுக்கு வருத்தமாக இல்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. "தம்பி, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பிள்ளையோட இருப்பீக?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். காலையில் அது பள்ளிக்கூடத்துக்கு ஓடும். நான் இரவு எட்டு மணிக்கு வருவேன். ஒன்பது மணிக்கு அது தூங்கிவிடும். "ஒரு மணி இருக்கலாம்" என்றேன். அதுவே கொஞ்சம் தாராளமாகச் சொன்னதுதான்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. "பிள்ளைக்குப் பதினாறு வயசு வரைக்கும் எடுத்துக்குவோம். நான் மூணு வருஷம் கடையில, ஒரு வருஷம் ஊர்ல. அப்ப பதினாறில நாலு வருஷம் வீட்டில இருந்திருக்கேன். ஊர்ல இருக்கறப்ப வேலை ஏது? நாளைக்கு நாலு மணி நேரம் பிள்ளைகளோடதான். ஆக, 5,840 மணி. நீங்க பதினாறு வருஷமும் வீட்டிலயே இருக்கீக. நாளைக்கு ஒரு மணி. அதுவும் 5,840 மணி. ரெண்டு பேருக்கும் ஐந்தொகை ஒண்ணுதான்."

நான் வாயடைத்துப் போனேன். கடல் தாண்டிப் போனவர்கள் மீது இத்தனை நேரம் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தவன் நான்!

"ஒரே ஒரு வித்தியாசம்" என்றார் அவர். "எனக்குத் தேதி தெரியும். இன்ன நாள் போறோம், இன்ன நாள் வாரோம்னு சீட்டில எழுதியிருக்கும். போறப்பவே வயிறு கலங்கும். வந்து இருக்கற ஒரு வருஷத்தில ஒரு பொழுதை வீணாக்கத் தோணாது. உங்களுக்குப் போறதும் தெரியலை, வாரதும் தெரியலை."

யாரும் கடல் தாண்டிப் போய்ப் பிள்ளைகளைப் பிரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் கணக்கு முறை தகப்பன்மார்களுக்கு நல்லதைச் செய்தது என்றும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால், நாகப்பட்டினத்துக் கரையில் பேச வராமல் நின்றாரே ஒருவர், அவருக்கு இழைத்த அநியாயமாகும். ஆனால் காலம் ஓடிவிடுகிறது, பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள் என்று நாம் பெருமூச்சு விடுகிறோமே, அதில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. காலம் யாருக்கும் தெரியாமல் ஓடுவதில்லை. வீட்டில் ஒருத்தி டக்கைப் பிரித்துப் பிரித்து அதைக் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பேரேட்டைத் திறந்து பார்க்காதவர்கள் நாம்தாம்.

"இனி என்ன செய்யலாம், ஐயா?" என்று பாதி விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"பழைய வரவு செலவைப் பார்த்து என்ன பிரயோஜனம்? கணக்கை ஒப்புக்கறவன் முதல்ல கையிருப்பை எண்ணுவான்" என்று சொல்லி என் மகளின் தலையைத் தடவினார். "ஆச்சிக்கு இப்ப என்ன வயசுன்னு சொன்னே?"

"பதினொன்று, தாத்தா."

"அப்ப இன்னும் அஞ்சு வருஷம். உங்கப்பா கணக்குப்படி 1,825 மணி. சரியா எண்ணி வாங்கிக்க, ஆத்தா!"

விளக்கு வைக்கிற நேரம் ஆயிற்று. உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அன்றிரவே ரயிலுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தேன். மறுநாள் காலையில் ஒரு வேலை இருந்தது. நண்பரிடம் போய், நாளை மாலை ரயிலுக்குப் போனால் போதும் என்று சொன்னேன். திரும்பி வந்தபோது மகள் திண்ணையிலேயே உட்கார்ந்து விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்னடி எண்ணுகிறாய்?" என்றேன்.

"1,824" என்றாள். "இப்போது ஒரு மணி நேரம் ஆகிவிட்டதே, அப்பா!"